புதிரும் கதையும்: பேராசிரியர் லேட்டன் இரண்டாம் பாகம் எதிர்கொண்ட விமர்சனங்கள்

புலி, ஆடு, புல்லுக்கட்டு ஆகிய மூன்றையும் ஒரே ஓடத்தில் மறுகரை சேர்க்க வேண்டும். ஓடக்காரனோடு ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஏறலாம். ஆள் இல்லாதபோது புலி ஆட்டைத் தின்னும். ஆடு புல்லைத் தின்னும். எவ்வாறு கடத்துவது? இந்தப் புதிரைக் கேட்காமல் பள்ளிப் பருவத்தைக் கடந்த தமிழர் அரியர். பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே அமைந்த லைட்ஹவுஸ் குப்பம் போன்ற மீனவ ஊர்களிலோ, படகில் எதை முதலில் ஏற்றுவது, யார் இக்கரையில் காத்திருப்பது என்னும் கணக்கு, புதிராக அன்றி அன்றாட வேலையாகவே இருந்துவந்திருக்கிறது. அந்த வேலையிலிருந்து காற்றையும் அலையையும் நீக்கி, இரண்டு நிபந்தனைகளை மட்டும் விட்டுவைத்தால் அது புதிராகிவிடுகிறது.

இப்புதிர் நமக்கு மட்டும் உரியதன்று. 804ஆம் ஆண்டில் மறைந்த யார்க் நகரத்து அல்குவின் பெயரில் வழங்கும் இலத்தீனத் தொகுப்பொன்றில் ஓநாயும் ஆடும் முட்டைக்கோசும் ஆறு கடக்கின்றன. 2007ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியான ஒரு கையடக்க வீடியோ விளையாட்டில், மூன்று ஓநாய்களும் மூன்று கோழிக்குஞ்சுகளும் ஒரே தெப்பத்தில் கடக்கின்றன. அவ்விளையாட்டின் பெயர் 'பேராசிரியர் லேட்டனும் விந்தைச் சிற்றூரும்'. அதன் இரண்டாம் பாகம் வெளிவந்தபோது விமர்சகர்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இலக்கியம் பேசும் இடத்தில் வீடியோ விளையாட்டுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த இரண்டாம் பாகத்தைச் சுற்றி எழுந்த விவாதத்தின் மையத்தில் இருந்த வினா, நம் கதைமரபு நெடுங்காலமாக அறிந்த ஒன்று. புதிர் கதைக்குள் இருக்கிறதா, அல்லது கதையின் வாசலில் சுங்கச்சாவடிபோல் நிற்கிறதா என்பதே அவ்வினா. அதை முதலில் நம் பக்கத்திலிருந்து விளங்கிக்கொள்வோம்.

தொல்காப்பியச் செய்யுளியல், பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு சேர்த்துப் பிசியையும் ஒரு தனி வகையாக எண்ணுகிறது. இன்று நாம் விடுகதை என்று அழைப்பதன் மூதாதை அது. விடுகதை தன்னளவில் முழுமையானது. அதற்கு முன்னும் பின்னும் கதை வேண்டியதில்லை. திண்ணையில் ஒருவர் போட, மற்றவர் விடுவிப்பார், ஆட்டம் முடிந்தது. விக்கிரமாதித்தன் கதையிலோ புதிர் வேறொரு வேலை செய்கிறது. வேதாளம் ஒரு கதையைச் சொல்லி, அக்கதையின் முடிவையே கேள்வியாக்கி மன்னனிடம் நீட்டுகிறது. விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் மன்னன் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிக்கொள்ளும். கதை கேட்டவன்தான் புதிரை விடுவிக்க முடியும். புதிரை விடுவித்தால்தான் அடுத்த கதை பிறக்கும். இரண்டையும் பிரித்தெடுக்க வழியில்லை.

இந்த அமைப்பின் வலிமையை அறிந்துதான் 'அம்புலிமாமா' அதனைப் பல பத்தாண்டுகள் விடாமல் ஓட்டியது. 1947இல் தொடங்கிய அவ்விதழின் வேதாளக் கதைகள், மரபாக எண்ணப்படும் இருபத்தைந்தைத் தாண்டி எங்கோ சென்றுவிட்டன. தோளில் பிணமும் கையில் வாளுமாக மன்னன் நடக்கும் ஓவியத்தை வரைந்த சங்கர் 2020இல் தமது தொண்ணூறுகளின் நடுவில் மறைந்தபோது, அந்த ஒரு படத்தை நினைவுகூராத அஞ்சலியே இல்லை எனலாம். அதே மன்னன், அதே பிணம், அதே மரம்; புதிர் மட்டும் புதிது. வாசகர் எவரும் 'சென்ற மாதம் போலவே இருக்கிறதே' என்று குறைபட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் வேண்டியதும் அதுதான். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு ஜப்பானுக்குச் செல்வோம்.

அகிரா தாகோ என்பவர் ஜப்பானிய உளவியல் பேராசிரியர். சிபா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1966 முதல் அவர் வெளியிட்ட 'தலைக்கு உடற்பயிற்சி' என்னும் பொருள்படும் புதிர் நூல்வரிசை அந்நாட்டில் பல இலட்சம் படிகள் விற்றது. பாடப்புத்தகக் கணக்குபோல் தோற்றமளித்து, படித்தவனை வழுக்கி விழச் செய்வது அவருடைய புதிர்களின் இயல்பு. நீண்ட பெருக்கலைப் போடத் தொடங்குபவன் தோற்பான். கேள்வியை இரண்டாம் முறை வாசிப்பவன் வெல்வான். அந்நூல்களைச் சிறுவயதில் படித்து வளர்ந்தவர்களில் ஒருவர் அகிஹிரோ ஹினோ. 1998இல் ஃபுகுவோகா நகரில் 'லெவல்-5' என்னும் விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர். தாகோவின் புதிர்களை ஒரு கதைக்குள் வைக்க வேண்டும் என்னும் ஹினோவின் விருப்பமே லேட்டன் வரிசைக்கு வித்து. தாகோவும் புதிர்களின் பொறுப்பாளராக அதில் இணைந்தார்.

அதற்கு ஏற்ற கருவி அப்போது சந்தையில் இருந்தது. 2004இல் வெளியான நிண்டெண்டோ டிஎஸ் புத்தகம்போல் மடங்கித் திறக்கும். மேலே ஒரு திரை, கீழே தொட்டு எழுதத்தக்க மற்றொரு திரை. மேல்திரையில் கேள்வியைப் படித்துக் கீழ்த்திரையில் விடையைக் கோலால் எழுதலாம். இதைக் கையில் ஏந்துபவர் விளையாடுபவரைப் போலவும் இருப்பார், படிப்பவரைப் போலவும் இருப்பார். 15 கோடிக்கு மேல் விற்ற இக்கருவி, வீடியோ விளையாட்டைத் தொட்டறியாத முதியவர்களிடமும் சென்று சேர்ந்தது. அவர்களுக்கு லேட்டன் அந்நியராகத் தோன்றவில்லை. உயரமான தொப்பி அணிந்த ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர். உடன் லூக் என்னும் சிறுவன். போகுமிடமெல்லாம் தேநீர், மர்மம், புதிர்.

முதற்பாகம் 2007 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியாயிற்று. அதில் 130க்கும் மேற்பட்ட புதிர்கள் இருந்தன. ஆனால் அவை கதையோடு ஒட்டிய விதம் விந்தையானது. ஊர்க்காரர் ஒருவரிடம் வழி கேட்டால், 'அதற்கு முன் இந்தத் தீக்குச்சிகளை நகர்த்திக் காட்டுங்கள்' என்பார். பூனை காணாமற்போனதற்கும் தீக்குச்சிக்கும் தொடர்பு இராது. அவ்வூர் மக்களுக்கு ஏன் இத்தனை புதிர்ப்பித்து என்பதற்குக் கதை தன் இறுதியில் ஒரு காரணம் வைத்திருந்தது. அது முதற்பாகத்தின் சாமர்த்தியம். ஆனால் ஒரு முறை பயன்படுத்திய சாக்கை மறுமுறை பயன்படுத்த இயலாது. இரண்டாம் பாகம் எதிர்நோக்கிய சிக்கல் இதுவே.

அந்த இரண்டாம் பாகம் அதே 2007 நவம்பரில், அதாவது ஒன்பது மாத இடைவெளியில், ஜப்பானில் வந்தது. அமெரிக்காவில் 2009 ஆகஸ்டில் 'டயபாலிக்கல் பாக்ஸ்' என்றும், ஐரோப்பாவில் அடுத்த மாதம் 'பண்டோராஸ் பாக்ஸ்' என்றும் வெளியாயிற்று. கதை இதுதான்: லேட்டனின் ஆசான் ஒரு பெட்டியைப் பெறுகிறார். அதைத் திறந்தவர் உயிரோடு இருந்ததில்லை என்பது கேள்வி. அவரிடமிருந்து கடிதம் வந்து, பேராசிரியரும் சிறுவனும் சென்று பார்க்கும்போது ஆசான் தரையில் கிடக்கிறார், பெட்டியைக் காணவில்லை. எஞ்சியிருப்பது ஒரு ரயில் சீட்டு மட்டும். அதில் போய்ச்சேரும் ஊரின் பெயர் இல்லை. இருவரும் மோலன்டரி விரைவு ரயிலில் ஏறுகின்றனர்.

முதற்பாகம் ஓரூருக்குள் அடங்கியது. இது பயணக் கதை. புதிர்களின் எண்ணிக்கை 150ஐத் தாண்டியது. புதிரின் மேலேயே குறிப்பு எழுதிப் பார்த்துக்கொள்ளும் வசதி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. காகிதமும் பென்சிலும் தேடுவது இனித் தேவையில்லை. அசைவூட்டக் காட்சிகளும் குரல் நடிப்பும் கூடின. பருத்துப்போன வெள்ளெலி ஒன்றை ஓடவைத்து இளைக்கச் செய்வது, சிதறிய புகைப்படக் கருவியின் பாகங்களைத் தேடிப் பொருத்துவது, இலைகளைக் கலந்து தேநீர் ஆக்கி வழியில் சந்திப்போருக்கு வழங்குவது ஆகிய மூன்று துணையாட்டங்களும் இருந்தன.

இனி விமர்சனங்களுக்கு வருவோம். முதலில் கவனிக்க வேண்டியது, ஒரே படைப்பை மூன்று நாட்டார் மூன்று வெவ்வேறு தொலைவிலிருந்து பார்த்தனர் என்பது. ஜப்பானியருக்கு முதற்பாகத்தின் சூடு ஆறுமுன்பே இரண்டாவது வந்துவிட்டது. அமெரிக்கருக்கு முதற்பாகம் 2008 பிப்ரவரியில் கிடைத்தது. அடுத்ததற்கு ஒன்றரை ஆண்டு காத்திருந்தனர். ஐரோப்பியருக்கு முதலாவது 2008 நவம்பரில்தான் கிட்டியது. பத்து மாதத்தில் இரண்டாவது. ஆங்கில விமர்சகர்கள் இதனைப் புதுவரவாக வரவேற்றுக்கொண்டிருந்த 2009இல், ஜப்பானில் மூன்றாம் பாகமும் வெளியாகி ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. மொழிபெயர்ப்பில் படிப்பவர் எப்போதும் பழைய ஒளியையே பார்க்கிறார் என்பது நாவல் வாசகருக்குத் தெரிந்த செய்தி. விளையாட்டுக்கும் அது பொருந்தும் என்பதை அன்றைய மதிப்புரைகள் பெரும்பாலும் மறந்தே எழுதின.

மதிப்புரைகள் பொதுவில் மகிழ்ச்சியானவை. பாராட்டியவர்கள் பெரும்பாலும் நான்கு செய்திகளைச் சொன்னார்கள். படங்களும் இசையும் முன்னதைவிட மெருகேறியுள்ளன; குறிப்பெழுதும் வசதி மிகப் பயனுள்ளது; கதை விரிந்து, பல ஊர்களைக் காட்டுகிறது; புதிர்கள் கதையோடு முன்பைவிட இயல்பாக இணைகின்றன. குறை சொன்னவர்களும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் கொடுத்தார்கள். இது முதற்பாகத்தின் மறுபடியே; அமைப்பில் மாற்றமில்லை. ஒரு முறை விடுவித்த புதிரை மறுமுறை விடுவிக்க ஏதுமில்லை என்பதால் திரும்ப ஆடவும் இடமில்லை. இன்னும் பல புதிர்கள் கதைக்கு வெளியேதான் நிற்கின்றன. இறுதியில் மர்மத்திற்குச் சொல்லப்படும் காரணம் நம்பும்படி இல்லை.

இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகும். 'முன்னதைப் போலவே இருக்கிறது' என்பது இரண்டு பட்டியலிலும் உண்டு. ஒருவர் அதையே நிறைவாகவும் மற்றவர் அதையே குறையாகவும் சொன்னார். ஒரே மதிப்புரைக்குள் இரண்டும் வந்த இடங்களும் உண்டு. இது விமர்சகரின் குழப்பம் மட்டுமன்று. இரண்டாம் பாகம் என்னும் வடிவத்திற்கே உரிய இடர். அம்புலிமாமா வாசகர் அதே மரத்தையும் அதே பிணத்தையும் விரும்பி எதிர்பார்த்தார்; ஏனெனில் அவர் ஒவ்வொரு மாதமும் தேடியது புதிரை. முழு விலை கொடுத்து ஓர் ஆட்டத்தை வாங்கச் சொல்லும் விமர்சகரோ, வாங்குபவரின் பணத்துக்கு விடை சொல்ல வேண்டியவராக இருந்தார். எனவே 'புதிதாக என்ன?' என்னும் கேள்வி மற்றெல்லாவற்றையும் முந்திக்கொண்டது. வெள்ளெலியும் தேநீரும் எண்ணப்பட்டன. அவை வந்து சேர்ந்ததால் கதை என்ன ஆயிற்று என்பது குறைவாகவே கேட்கப்பட்டது.

நம் இலக்கிய வரலாற்றில் இதற்கு இணையொன்று உண்டு. சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என்கிறோம். கோவலன் மகளின் கதை என்பதால் இரண்டாவதை முதலாவதன் தொடர்ச்சியாகவே படித்துப் பழகிவிட்டோம். 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1898இல் மணிமேகலையையும் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த நாளிலிருந்து, பின்னதன் மேல் திரும்பத் திரும்ப வைக்கப்பட்ட குறை, அது முன்னதைப் போல் இல்லை என்பதே. நாடகம் குறைவு, சமயவாதம் மிகுதி என்றனர். லேட்டன் இரண்டாம் பாகத்தின் மேல் வைக்கப்பட்டது நேரெதிரான குறை: அது முன்னதைப் போலவே இருக்கிறது. ஆக, தொடர்ச்சி எதுவானாலும், ஒத்திருந்தால் நகல், ஒவ்வாதிருந்தால் பிறழ்வு. தனக்குள் வைத்து அதனைப் பார்க்கும் வாய்ப்பு அதற்கு அரிதாகவே கிடைக்கிறது. பசித்தோர்க்கு உணவளிக்கும் அமுதசுரபி கையில் வந்தபின் மணிமேகலையின் துறவு என்னவாக மாறுகிறது என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் அக்காப்பியம் தன் காலில் நின்றது.

அப்படியொரு கேள்வியை இவ்விளையாட்டிடம் கேட்டுப் பார்ப்போம். முதற்பாகத்தில் புதிர்கள் ஊராரின் வாயிலிருந்து வந்தன. இரண்டாவதில் மையமாக இருப்பது ஒரு பெட்டி. திறப்பதெப்படி என்பதே கதை. ஊர்ப்பெயர் இல்லாத ரயில் சீட்டு ஒரு புதிர். கிழிந்த புகைப்படம் ஒரு புதிர். இவற்றை விடுவிக்காமல் கதை நகராது. விடுவிக்கும்போது பாத்திரம் செய்வதையே ஆடுபவரும் செய்கிறார். இந்த இடங்களில் ஆட்டம் வேதாளக் கதைக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. அடுத்த நிமிடமே ரயில் பணியாளர் ஒருவர் தமக்குப் பிடித்த கணக்கொன்றைப் போட்டு வழிமறிக்கிறார், திரும்பவும் சுங்கச்சாவடி. ஒரே படைப்புக்குள் இரு கொள்கைகள் மோதுகின்றன. இம்மோதலைப் பார்த்த விமர்சகர்கள் இருந்தனர். சிலர் அதைப் பாதி வெற்றி என்றனர். சிலர் பாதித் தோல்வி என்றனர். அவர்களுடைய வாதமே இந்த வரவேற்பு வரலாற்றின் மதிப்புமிக்க பகுதி என்று நாம் கருதுகிறோம்.

இறுதி விளக்கம் நம்பும்படி இல்லை என்னும் குறையையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சாதாரண மர்மக் கதையில் வாசகர் முடிவை ஏற்காவிட்டால் புத்தகத்தை மூடிவிடுவார். இங்கோ ஆடுபவர் 100க்கு மேற்பட்ட புதிர்களில் ஒரு நெறிக்குப் பழகியிருக்கிறார்: எல்லாத் தகவலும் கண்முன் இருக்கும், கூர்ந்து பார்த்தால் விடை கிட்டும் என்பதே அந்நெறி. கதையின் முடிவு அந்நெறியைக் காக்கவில்லை. ஆடுபவர் ஊகித்திருக்க இயலாத ஒன்றை விடையாக நீட்டியது. விமர்சகரின் மனக்குறை கற்பனை மிகுதியைப் பற்றியதன்று. புதிர்கள் வாக்களித்ததைக் கதை காப்பாற்றவில்லை என்பதைப் பற்றியது. அந்த முடிவின் உணர்ச்சியில் கண் கலங்கியதாக எழுதியவர்களும் உண்டு. அவர்கள் கதையின் பக்கம் நின்றனர். மற்றவர்கள் புதிரின் பக்கம் நின்றனர்.

இத்தனை வாதமும் இன்று எங்கே இருக்கிறது? பொதுவாகக் கிடைப்பது ஓர் எண். 2001இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் என்னும் தளம் பலருடைய மதிப்பெண்களைத் தொகுத்துச் சராசரி காட்டுகிறது. அங்கே முதற்பாகத்திற்கு நூற்றுக்கு 85, இரண்டாவதற்கு 84. பின்னாளில் வருபவர் இதைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்? இரண்டாவது ஒரு மாற்றுக் குறைவு என்று எண்ணிக் கடந்துவிடுவார். 'முன்னதைப் போலவே இருக்கிறது' என்று மகிழ்ந்து கொடுத்த மதிப்பெண்ணும், 'முன்னதைப் போலவே இருக்கிறது' என்று சலித்துக் கொடுத்த மதிப்பெண்ணும் அந்த 84க்குள் ஒன்றாய்க் கரைந்துவிட்டன. மதிப்பெண் இடாமல் எழுதியவரின் கருத்தோ கணக்கிலேயே சேரவில்லை.

எண்ணை விடுத்து மூலங்களைத் தேடலாம் என்றால் அங்கும் இடர். அக்காலத்தில் ஆங்கிலத்தில் விளையாட்டு விமர்சனம் வளர்த்த 1அப், கேம்ஸ்பை ஆகிய தளங்கள் 2013இல் மூடப்பட்டன. 'நிண்டெண்டோ பவர்' இதழ் 2012 டிசம்பரோடு நின்றது. 1991 முதல் வெளிவந்த 'கேம் இன்ஃபார்மர்' 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் நிறுத்தப்பட்டது; அதன் இணையதளமும் அன்றே அகற்றப்பட, முப்பதாண்டுக்கு மேற்பட்ட எழுத்து வாசகர் கண்ணிலிருந்து மறைந்தது. 2025 மார்ச்சில் புதிய கைகளில் அது மீண்டதும் பழைய கட்டுரைகள் திரும்ப வந்ததும் நற்பேறு. எல்லாத் தளத்துக்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை. விளையாட்டும் முழுமையாக மிஞ்சவில்லை. வாரந்தோறும் இணையம் வழியே பெறத்தக்க கூடுதல் புதிர்கள் இரண்டாம் பாகத்தோடு வழங்கப்பட்டன. 2014 மே மாதத்தில் நிண்டெண்டோ தன் பழைய இணையச் சேவையை நிறுத்தியபோது அந்த வாயில் அடைபட்டது.

இவ்விடத்தில் குண்டலகேசி நினைவுக்கு வருகிறது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் அப்பௌத்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை; சில பாடல்களே எஞ்சின. அது என்ன வாதிட்டது என்பதை நாம் ஓரளவேனும் அறிவது, அதனை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியாலும், அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையாலுந்தான். 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் அதனைப் பதிப்பித்தார். மூலம் அழிந்தும் மறுப்பு நிலைத்தது. மறுப்பின் வழியே மூலத்தின் குரல் நமக்குக் கேட்கிறது. கடுமையான எதிர்ப்பாளரும் எதிராளியின் வாதத்தை எடுத்துச் சொன்ன பின்னரே மறுத்தார் என்பதால் இது இயன்றது. நீலகேசி ஆசிரியர் குண்டலகேசிக்கு நூற்றுக்கு இத்தனை என்று எழுதிவைத்துப் போயிருந்தால் நம் கையில் என்ன இருந்திருக்கும்?

இது பழம்பெருமை பேசுவதற்காகச் சொன்னதன்று. வரவேற்பின் வரலாறு ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு படைப்பைப் பற்றிய வாதம் அடுத்து வரும் படைப்புகளைப் புரிந்துகொள்ளக் கண் தருகிறது. 2023 ஜூலை 31 அன்று, டொரோண்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. கையிலேந்தி ஆடத்தக்க நிண்டெண்டோ சுவிட்ச் உட்படப் பல கருவிகளில் அது வந்தது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெண் வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை அது. வெண்பாவிடம் தாய் தந்த சமையல் குறிப்பேடு இருக்கிறது. கறை படிந்து, கிழிந்து, எழுத்து அழிந்த ஏடு. விட்டுப்போன படியை ஊகித்து இட்லியையோ புட்டையோ சமைத்து முடிப்பதே ஆட்டம். புதிர் வெளியிலிருந்து வரவில்லை. தாய்க்கும் மகளுக்கும் இடையே விழுந்த இடைவெளியே ஏட்டில் விழுந்த ஓட்டை. பின்பு தாய்க்கும் மகனுக்கும் இடையே அதே இடைவெளி, இம்முறை மொழியில். லேட்டன் இரண்டாம் பாகம் அங்கங்கே தொட்டு விலகிய இடத்தில் இவ்வாட்டம் முழுமையாகவே குடியிருந்தது.

விமர்சகர்கள் அதனைக் கொண்டாடினர். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்கான விருதை அதற்கு வழங்கியது. அதே ஆண்டு தனிப்படைப்பாளர் விளையாட்டு விழாவின் பெரும்பரிசும் அதற்கே கிடைத்தது. குறை சொன்னவர்கள் சொன்னது பெரும்பாலும் இதுதான்: ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, புதிர்கள் எளியவை. அளவுக்கோல் மறுபடியும் எண்ணிக்கைக்குத் திரும்பிவிட்டதை வாசகர் கவனிக்கலாம். 2009இல் நூற்றைம்பது புதிர்கள் இருந்தும் கதையோடு ஒட்டவில்லை என்றார்கள். 2023இல் முற்றும் ஒட்டியிருந்தும் போதவில்லை என்றார்கள். முன்னைய வாதத்தை அறிந்தவருக்குப் பின்னையதன் உள்ளீடு விளங்கும். புதிரைக் கதைக்குள் முழுதும் கரைத்தால் புதிர் குறையும், எளிதாகும். அது இக்கலையில் செலுத்தியாக வேண்டிய விலை. வேதாளம்கூட ஒரு கதைக்கு ஒரு கேள்விதான் கேட்டது.

லேட்டன் இரண்டாம் பாகம் தலைசிறந்த படைப்பு என்று வாதிடுவது நம் நோக்கமன்று. அதன் முடிவைப் பற்றிய குறையில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறோம். அதன் புதிர்களிற் பாதி இல்லாதிருந்தால் கதை இன்னும் செறிந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. நம் கவலை வேறு. ஒரு விளையாட்டைச் சாக்கிட்டு, கதைக்கும் புதிருக்கும் உள்ள உறவு என்ன என்று பலர் எழுதிப் பார்த்தார்கள். அவர்கள் எழுதிய தளங்கள் ஒவ்வொன்றாய் மறைய, எண் மட்டும் தங்குகிறது. தமிழிலும் நாம் நூல்களுக்கு நட்சத்திரம் இடப் பழகிவருகிறோம். பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு நின்றுவிடாமல், எதிர்க்கருத்தையும் எடுத்துச் சொல்லிக் காரணத்தோடு இரண்டு பத்தி எழுதிவைப்பதே பின்வருவோர்க்கு நாம் விட்டுச்செல்லத்தக்கது.

தொடக்கத்தில் சொன்ன ஓடப் புதிருக்கு விடை எல்லோருக்கும் தெரியும். முதலில் ஆட்டை அக்கரை சேர்க்க வேண்டும். அடுத்துப் புலியைக் கொண்டுசென்றதும், அங்கிருக்கும் ஆட்டை மறுபடியும் ஏற்றி இக்கரைக்கே கொண்டுவர வேண்டும். பலரும் திணறுவது அந்த இடத்தில்தான். சேர்த்துவிட்ட ஒன்றைத் திரும்பக் கொண்டுவருவது வீண் வேலை என்று மனம் எண்ணுகிறது. ஆனால் அந்த ஒரு திரும்பல் இல்லாமல் மூன்றும் கரை சேர வழியில்லை. படித்து முடித்தாயிற்று என்று நாம் அக்கரையில் விட்டுவந்த மதிப்புரைகளையும் ஒரு முறை திரும்ப ஏற்றிவர வேண்டியிருக்கிறது.